கவர் பாட்டில் (ஒருவர் பாட்டை இன்னொருவர் திரும்பப் பாடியது) தொடங்கி, அமெரிக்கக் கிராமிய இசையான கன்ட்ரியின் 1927-ல் போய் நின்றவர்கள் இங்கே உண்டா?

தூசித்தட்டு:

கல்லூரி விடுதியில் என் அறைத்தோழனிடம் லினர்ட் ஸ்கினர்ட் குழுவின் 'ஒன் மோர் ஃப்ரம் தி ரோட்' கேசட் இருந்தது. 1976 ஜூலையில் அட்லாண்டாவின் ஃபாக்ஸ் தியேட்டர் மேடையில் பதிவானது. அதில் மூன்று மின்கிதார்கள் ஒன்றையொன்று துரத்தும் 'டி ஃபார் டெக்சஸ்' பாட்டை நாடா தேயும்வரை போடுவோம். அது அவர்களுடைய சொந்தப் பாட்டு என்றே பத்து வருஷம் நம்பியிருந்தேன்.

பிறகு அதே ஆல்பத்தைச் சிடியில் வாங்கியபோதுதான், உள்தாளில் பொடி எழுத்தில் ஜிம்மி ரோட்ஜர்ஸ் என்ற பெயரைப் பார்த்தேன். தேடினேன். வந்தவர் 1957-ல் 'ஹனிகோம்ப்' பாடிப் புகழடைந்த பாப் பாடகர். ஒரு ஆல்பம் முழுக்கக் கேட்டுவிட்டு, இந்த இனிப்பு மனிதரா அந்தப் பாட்டை எழுதினார் என்று குழம்பிப்போனேன். அவர் பிறந்ததே 1933-ல். நான் தேடிய ஜிம்மி ரோட்ஜர்ஸ் அதே 1933-ல், மே 26 அன்று, நியூயார்க்கில் ஒரு ஓட்டல் அறையில் காசநோயால் இறந்துபோனவர். வயது 35.

சரியான ஆளைக் கண்டுபிடித்துக் கேட்டபோதும் முதலில் ஏமாற்றம்தான். ஒரு கிதார், ஒரு குரல், நடுநடுவே யோடலிங் (குரலை உடைத்து மேலே எகிறவிடும் பாணி), பின்னால் மழை மாதிரி ஒரு இரைச்சல். அவ்வளவே. 1927 நவம்பர் 30 அன்று நியூஜெர்சியின் கேம்டன் நகரில் பதிவான 'புளூ யோடல்' அது; 'டி ஃபார் டெக்சஸ்' பாட்டின் மூலம். மூன்றாவது தடவை கேட்டபோதுதான் உறைத்தது: மூன்று மின்கிதார் செய்த வேலையை இந்த மனிதர் தொண்டையிலேயே செய்துவிட்டுப் போயிருக்கிறார்.

உங்களில் யாராவது இப்படிப் பின்பக்கமாக நுழைந்தவர்கள் உண்டா? எந்தப் பாட்டு, யாரிடம் கொண்டுபோய் விட்டது?

---

ஆனியன் ஊத்தப்பம்:

நான் படம் பார்த்து வந்தவன். 'ஓ பிரதர், வேர் ஆர்ட் தௌ?' 2000-ல் வந்தது. அதில் 'இன் தி ஜெயில்ஹவுஸ் நௌ' பாடுவது நடிகர் டிம் பிளேக் நெல்சனே. ஜார்ஜ் குளூனிக்குத்தான் இரவல் குரல். டேன் டிமின்ஸ்கி கொடுத்தார். அந்த ஜெயில் பாட்டைத் துரத்தினால் 1955-ல் வெப் பியர்ஸ். கன்ட்ரி பட்டியலில் 21 வாரம் முதலிடம். அதையும் தாண்டிப் போனால் 1928-ல் உங்கள் ஜிம்மி ரோட்ஜர்ஸ். உங்கள் ஆள் எங்கே போனாலும் முன்னாலேயே வந்து துண்டு போட்டு வைத்திருக்கிறார்.

---

பழுப்பு உறை:

ஊத்தப்பம் ஐயா, அந்தத் துண்டுக்கு அடியில் இன்னொரு துண்டு இருக்கிறது. 'ஹீ இஸ் இன் தி ஜெயில்ஹவுஸ் நௌ' என்று பிளைண்ட் பிளேக் 1927-லேயே பதிவு செய்துவிட்டார். கறுப்பின புளூஸ் கிதார்க் கலைஞர். அவருக்கும் முந்தி மேடைகளில் சுற்றிக்கொண்டிருந்த பாட்டு அது. ரோட்ஜர்ஸ் பாடியதும் ஒருவகையில் கவர்தான்.

இங்கே 'முன்னோடி' என்ற சொல்லைக் கொஞ்சம் யோசித்துப் பயன்படுத்துவது நல்லது. இன்னொரு கதை: ஹாங்க் வில்லியம்ஸ் 1949-ல் 'லவ்சிக் புளூஸ்' பாடி 16 வாரம் முதலிடத்தில் இருந்தார். பலர் அது அவர் எழுதியது என்றே நினைக்கிறார்கள். ஹாங்க்குக்கு முன்னால் ரெக்ஸ் கிரிஃபின், 1939. அவருக்கு முன்னால் எம்மெட் மில்லர், 1925-லும் 1928-லும் இரண்டு தடவை. மில்லர் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பர் வேஷம் கட்டிய மின்ஸ்ட்ரல் மேடைக்காரர். குரல் உடைந்து மேலே எகிறும் அந்த வித்தை அவரிடம் அச்சாக இருக்கிறது. அவருக்கும் முன்னால் போனால் கிராமமும் இல்லை, வைக்கோல் போரும் இல்லை: 1922-ல் நியூயார்க் பாட்டு வியாபாரிகளான கிளிஃப் ஃபிரெண்டும் இர்விங் மில்ஸும் எழுதிய பாட்டு. நாட்டுப்புறத்தின் ஆன்மா என்று நாம் நெஞ்சில் கைவைத்துக் கேட்கும் பாட்டின் ஊற்று மன்ஹாட்டன் அலுவலகம்!

---

தூசித்தட்டு:

அப்படியானால் யாரையுமே முன்னோடி என்று சொல்லக் கூடாதா? வெங்காயம் உரிக்கிற கதையாக அல்லவா போகிறது.

---

ஆனியன் ஊத்தப்பம்:

என் பெயரை இழுக்காதீர்கள்.

---

கம்பிக்காரன்:

உரிக்க உரிக்க ஒன்றுமில்லை என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கிதார் வாசிப்பவனாகச் சொல்கிறேன். பாட்டு யாருடையதாகவும் இருக்கட்டும், கை யாருடையது என்று ஒன்று உண்டு.

நான் வந்த வழி நிட்டி கிரிட்டி டர்ட் பேண்ட். 1972-ல் 'வில் தி சர்க்கிள் பி அன்புரோக்கன்' என்று மூன்று தட்டு கொண்ட ஆல்பம் போட்டார்கள். கலிஃபோர்னியாவிலிருந்து வந்த முடி வளர்த்த பையன்கள், நாஷ்வில் மூத்தவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பதிவு செய்தது. மேபெல் கார்ட்டர், ராய் ஏகஃப், எர்ல் ஸ்க்ரக்ஸ், டாக் வாட்சன், மெர்ல் டிராவிஸ் எல்லோரும் வந்தார்கள். பில் மன்ரோ மட்டும் வர மறுத்துவிட்டார். டாக் வாட்சனும் மெர்ல் டிராவிஸும் முதன்முதலாகச் சந்தித்துக்கொள்ளும் பேச்சுகூடத் தட்டிலேயே இருக்கிறது. டாக் தன் மகனுக்கு மெர்ல் என்று பெயர் வைத்தது அந்த டிராவிஸ் நினைவாகத்தான்.

அந்தத் தட்டில் 'வைல்ட்வுட் ஃபிளவர்' கேட்டேன். கிதாரில் மெட்டையும் தாளத்தையும் ஒரே ஆள் வாசிப்பதாகத் தெரிந்தது, நம்பிக்கை வரவில்லை. 1928-ன் கார்ட்டர் குடும்பப் பதிவைத் தேடிப் பிடித்தேன். அதே கை! 43 வருஷம் முன்னால் அதே மேபெல், இன்னும் இளசாக. தடித்த கம்பிகளில் கட்டைவிரலால் மெட்டு, மெல்லிய கம்பிகளில் சுட்டுவிரலால் மேலும் கீழும் வீசித் தாளம். 'கார்ட்டர் ஸ்க்ராட்ச்' என்பார்கள். அதுவரை இந்த வகைப் பாட்டில் கிதார் பின்னால் நின்று தாளம் போடும் கருவி. மேபெல் கையில் அது முன்னால் வந்து பாடியது.

பாட்டு அவர்களுடையதா என்றால், இல்லை. 1860-ல் அச்சான ஒரு வரவேற்பறைப் பாடல் வாய்வழியாகத் தேய்ந்து, சொற்கள் பாதி அர்த்தமில்லாமல் சிதைந்து அவர்களிடம் வந்தது. அதனால் என்ன? அச்சுத்தாளை யார் தேடுகிறார்கள்? எல்லோரும் கற்றுக்கொள்வது மேபெலின் அந்தக் கையை.

---

தென்றல்மொழி:

கம்பிக்காரன் சொன்னதோடு ஒரு பெயரைச் சேர்க்கிறேன்: லெஸ்லி ரிடில். மேபெலின் கணவரின் அண்ணன் ஏ. பி. கார்ட்டர், மலைக் கிராமங்களில் பாட்டு சேகரிக்கப் போகும்போது கூட அழைத்துப்போன கறுப்பின கிதார்க் கலைஞர். சிமெண்ட் ஆலை விபத்தில் ஒரு காலை இழந்தவர். ஏ. பி. வரிகளை எழுதிக்கொள்வார், மெட்டை ரிடில் மனதில் ஏற்றிக்கொண்டு வருவார். மேபெலும் ரிடிலின் வாசிப்பைப் பார்த்துக் கற்றுக்கொண்டதுண்டு. 'கேனன்பால் புளூஸ்' அப்படி வந்ததுதான். தட்டில் அவர் பெயர் கிடையாது. 1965-ல் மைக் சீகர் தேடிப்போய்ப் பார்க்கும்வரை வெளியுலகுக்கு ஆளே தெரியாது. அதனால் 'கை யாருடையது' என்ற கேள்விக்கும் ஒரே ஒரு விடை இல்லை.

நான் நுழைந்த வாசல் கிட்டி வெல்ஸ். 1952-ல் 'இட் வாஸன்ட் காட் ஹூ மேட் ஹாங்க்கி டாங்க் ஏஞ்சல்ஸ்'. பில்போர்டின் கன்ட்ரி பட்டியலில் தனியாகப் பாடி முதலிடம் பிடித்த முதல் பெண். அது ஒரு பதில் பாட்டு. ஹாங்க் தாம்சன் 'தி வைல்ட் சைட் ஆஃப் லைஃப்' என்று, தன்னை விட்டுப்போன பெண்ணைத் திட்டிப் பாடினார். பெண்களை அப்படி ஆக்கியதில் ஆண்களுக்குப் பங்கில்லையா என்று அதே மெட்டில் திருப்பிக் கேட்டது கிட்டி வெல்ஸின் பாட்டு. அந்த மெட்டு தாம்சனுடையதா? 1936-ல் ராய் ஏகஃப் 'தி கிரேட் ஸ்பெக்கிள்ட் பேர்ட்' என்று பக்திப் பாட்டாகப் பாடியதும் இதே மெட்டு. அதற்கும் முன்னால் 1929-ல் கார்ட்டர் குடும்பம் 'ஐ'ம் திங்கிங் டுநைட் ஆஃப் மை புளூ ஐஸ்'. காதல் பிரிவு, தெய்வம், வசவு, வசவுக்குப் பதில் என்று நான்கையும் ஒரே மெட்டு சுமந்திருக்கிறது. நான்கையும் வரிசையாகப் போட்டுக் கேட்டுப் பாருங்கள், இருபது நிமிஷம்கூட ஆகாது.

அந்த 1929 பதிவில், கார்ட்டர் குடும்பத்தின் பாடகியும் ஏ. பி.யின் மனைவியுமான சாராவின் குரலைக் கவனியுங்கள். அழுகை கிடையாது. சாதம் பரிமாறுகிற நிதானத்தில் பாடிவிட்டுப் போவார். பின்னால் வந்த கவர்களில் ஆளாளுக்கு உருகுகிறார்கள். எனக்கு இப்போது அந்த உருக்கம்தான் மிகையாகப் படுகிறது.

---

பழுப்பு உறை:

இந்தப் 'பாட்டு யாருடையது' குழப்பத்துக்குப் பின்னால் ஒரு கணக்குப்பிள்ளை இருக்கிறார். ரால்ஃப் பியர்.

1923 ஜூனில் ஓக்கே என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்காக அட்லாண்டா போய் ஃபிடில் வாசிப்பவரான ஜான் கார்சனைப் பதிவு செய்தவர் இவர்தான். கார்சனின் பாட்டு சகிக்கவில்லை என்பது பியரின் எண்ணம். ஆனால் தட்டு விற்றது. அப்போதே ஆளுக்கு வியாபாரம் புரிந்துவிட்டது. பிறகு விக்டர் நிறுவனத்துக்குப் போனபோது சம்பளத்தைவிடப் பாட்டின் பதிப்புரிமையில் கண் வைத்தார். ஏற்கெனவே உரிமை பதிவான பாட்டென்றால் வேறொருவருக்குப் பணம் போகும். அதனால் பாட வருகிறவர்களிடம் அவர் கேட்டது: சொந்தமாக எழுதியது இருக்கிறதா? இல்லையென்றால், பழையதை இன்னார் பாட்டு என்று அடையாளம் தெரியாத அளவுக்கு மாற்றித் தர முடியுமா? ஏ. பி. கார்ட்டர் மலைமலையாக அலைந்தது கலைத் தாகத்தால் மட்டும் இல்லை. இந்தச் சரக்குத் தேவையும் சேர்ந்துதான் அவரை விரட்டியது.

ஆகவே தட்டின் மேல் 'ஏ. பி. கார்ட்டர்' என்று இருந்தால், எழுதியவர் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கொண்டுவந்து சேர்த்தவர் என்று படியுங்கள். 'கீப் ஆன் தி சன்னி சைட்' 1899-ன் தேவாலயப் பாட்டு. 'சர்க்கிள்' பாட்டும் 1907-ன் துதிப்பாடலை மாற்றியதே.

---

டென்னசிவாசி:

தாமதமாக வருகிறேன். வேலை நிமித்தம் ஒன்பது வருஷமாக இந்தப் பக்கம்தான் வாசம். 1927-ல் பியர் பதிவு நடத்திய பிரிஸ்டல் ஊர் எனக்குக் காரில் எட்டும் தூரம். மூன்று தடவை போயிருக்கிறேன்.

போகாதவர்களுக்காக: ஸ்டேட் ஸ்ட்ரீட் என்று ஊரின் நடுவே ஒரு தெரு. அதன் மத்தியில் பித்தளை அடையாளங்கள் பதித்திருக்கிறார்கள். ஒரு பக்கம் டென்னசி, மறு பக்கம் வர்ஜீனியா. கால் அகட்டி நின்றால் இரண்டு மாநிலத்திலும் நிற்கலாம். எல்லோரும் அப்படிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள், நானும்தான். டென்னசிப் பக்கம் இருந்த ஒரு தொப்பிக் கம்பெனிக் கட்டடத்தின் மாடியில்தான் 1927 ஜூலை 25 முதல் ஆகஸ்ட் 5 வரை பியர் பதிவு செய்தார். 19 குழுக்கள், 76 பதிவுகள். இப்போது அந்தக் கட்டடம் இல்லை, நினைவுக்கல் மட்டும். கொஞ்சம் தள்ளி 2014-ல் திறந்த அருங்காட்சியகம் இருக்கிறது. ஒரு பகல் முழுக்கக் கொடுத்தாலும் போதாது.

பியர் வந்தபோது முதலில் கூட்டமே இல்லையாம். எர்னெஸ்ட் ஸ்டோன்மேன் முந்தின வருஷம் தட்டுகளால் 3,600 டாலர் சம்பாதித்தார் என்று உள்ளூர்ச் செய்தித்தாள் எழுதியதும் மலையிலிருந்து ஆட்கள் இறங்க ஆரம்பித்தார்கள். கார்ட்டர்கள் வந்தது ஆகஸ்ட் 1. மேபெலுக்கு 18 வயது, நிறைமாதத்துக்குக் கொஞ்சம் முன்பு. ரோட்ஜர்ஸ் பதிவு ஆகஸ்ட் 4. யார் பெயரைத் தட்டில் போடுவது என்று முந்தின இரவு அவருக்கும் அவர் குழுவுக்கும் தகராறு. குழு பிரிந்து தனியாகப் பாடப் போனது. அந்தச் சண்டை வந்திராவிட்டால் தனி கிதாரோடு பாடும் ரோட்ஜர்ஸை நாம் கேட்டிருப்போமா தெரியாது. கார்ட்டர்களுக்கும் ரோட்ஜர்ஸுக்கும் இடையே மூன்றே நாள்! அந்த மூன்று நாளை நினைத்துக்கொண்டு அந்தத் தெருவில் காபி குடிப்பது என் அல்ப சந்தோஷம்.

அங்கிருந்து வர்ஜீனியாப் பக்கம் போனால் ஹில்டன்ஸில் கார்ட்டர் ஃபோல்ட். சாரா - ஏ. பி. தம்பதியின் மகள் ஜேனட் தொடங்கியது. சனிக்கிழமை இரவுகளில் கச்சேரி. மது கிடையாது, மின்கருவி கிடையாது. மின்கருவி விதியில் வீட்டு மாப்பிள்ளை ஜானி கேஷுக்கு மட்டும் விலக்கு. அவர் கடைசியாக மேடையேறியதும் அங்கேதான், 2003 ஜூலை 5. நான் போனபோது எண்பதைத் தாண்டிய ஒரு பாட்டி என்னைக் கையைப் பிடித்து இழுத்து ஆடவைத்தார். எனக்கு ஆடத் தெரியாது என்று சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

---

தூசித்தட்டு:

அண்ணா, வயிறு எரிகிறது. அடுத்த தடவை போகும்போது சொல்லாமல் போங்கள்.

---

யாழ்தேவி:

எங்கள் வீட்டில் கன்ட்ரி என்றால் ஜிம் ரீவ்ஸ். இலங்கையில் அந்தத் தலைமுறை வீடுகள் பலவற்றில் அப்படித்தான். ஜிம்மி ரோட்ஜர்ஸ் என்ற பெயர் எனக்கு வந்தது கிஷோர் குமார் வழியாக. ரோட்ஜர்ஸ், டெக்ஸ் மார்ட்டன் ஆகியோரின் தட்டுகளைக் கேட்டுத்தான் கிஷோர் யோடலிங் பிடித்தார் என்று சொல்வார்கள். நம் பக்கம் சந்திரபாபுவும் யோடலிங் செய்தவர்தானே. அவர் எங்கிருந்து பிடித்தாரோ.

இதைவிடப் பெரிய பயணம் கென்யாவில் நடந்தது. 1950-ல் ஹியூ டிரேசி அங்கே கிப்சிகிஸ் மக்களிடம் பாட்டுகளைப் பதிவு செய்தார். அதில் ஒன்று 'செமிரோச்சா'. இளம்பெண்கள் யாழ் போன்ற கருவியின் துணையோடு பாடுவது. செமிரோச்சா யார் என்றால், தட்டில் கேட்ட ஜிம்மி ரோட்ஜர்ஸ்! பெயர் அவர்கள் நாவில் அப்படித் திரும்பிவிட்டது. பாதி மனிதன், பாதி மான் என்ற மாதிரி ஒரு உருவமாக அவரைக் கற்பனை செய்துகொண்டார்கள். மிஸ்ஸிஸிப்பியின் மெரிடியன் ஊர் ரயில் பிரேக்மேன் ஒருவர், இறந்து 17 வருஷத்தில், ஆப்பிரிக்க மலைப்பகுதியில் ஒரு தொன்மமாகியிருக்கிறார். இதையும் கவர் என்று சேர்ப்பீர்களா?

---

கம்பிக்காரன்:

சேர்ப்பேன். நான் கேட்டதிலேயே நேர்மையான கவர் அது.

---

அரைச்சுருதி:

ஒரு மாற்றுக் கருத்து. எல்லோரும் மூலத்துக்குப் போய்க் கும்பிடு போடுகிறீர்கள். எனக்குப் பல இடங்களில் கவர்தான் பிடிக்கிறது. 'மியூல் ஸ்கின்னர் புளூஸ்' ரோட்ஜர்ஸின் எட்டாவது புளூ யோடல், 1930. கேட்டேன், நன்றாகத்தான் இருக்கிறது, நடந்து போகிற மாதிரி. 1939 அக்டோபரில் கிராண்ட் ஓல் ஆப்ரி என்ற நாஷ்வில் வானொலி நிகழ்ச்சியில் பில் மன்ரோ முதன்முதலாகப் பாடியது அதே பாட்டு. 1940 பதிவைக் கேளுங்கள், பாட்டு ஓட ஆரம்பித்துவிடுகிறது. 1970-ல் டாலி பார்ட்டன் பாடியபோது பறக்கிறது. கோவேறு கழுதை ஓட்டுகிற வேலைக்கு ஒரு பெண் வந்து நிற்கிறாள் என்றதும் பாட்டின் அர்த்தமே மாறிவிடுகிறது. இதில் ரோட்ஜர்ஸை உச்சத்தில் வைக்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. பழையது என்பதாலேயே உயர்ந்தது ஆகிவிடுமா?

---

கம்பிக்காரன்:

டாலி விஷயத்தில் சண்டைக்கு வர மாட்டேன். ஆனால் ஒன்று. ரோட்ஜர்ஸோடு சேர்ந்து கிதார் வாசித்துப் பாருங்கள். விழுந்துவிடுவீர்கள். தாளத்தில் நாலு அடி வர வேண்டிய இடத்தில் மனிதர் மூச்சுக்கு ஏற்றபடி ஐந்தாக்குவார், சில இடத்தில் ஒன்றைக் குறைப்பார். தனியாக வாசிப்பவருக்கு யார் கேட்பது? கவர் செய்ய ஒரு குழு உட்கார்ந்ததும் எல்லோரும் ஒன்றாக இறங்க வேண்டும், அதனால் எல்லாவற்றையும் நேராக்கிவிடுவார்கள். மன்ரோவின் ஓட்டம் அந்த நேர்க்கோட்டில்தான் சாத்தியம். வேகம் கிடைத்தது, பேசுகிற மாதிரி இழுத்துப் பாடும் அந்தச் சுதந்திரம் போயிற்று. இரண்டும் வேண்டும் எனக்கு.

இன்னொன்று, மன்ரோவுக்கே இது திரும்பி வந்தது. அவருடைய 'புளூ மூன் ஆஃப் கென்டக்கி' மெதுவான வால்ட்ஸ். 1954-ல் எல்விஸ் பிரெஸ்லி என்ற பத்தொன்பது வயதுப் பையன் மெம்ஃபிஸின் சன் ஸ்டுடியோவில் அதைத் தூக்கி எறிந்து வேகமாகப் பாடினான். மன்ரோ கோபப்படவில்லை. பாட்டைத் திரும்பப் பதிவு செய்தார்: பாதி பழைய வால்ட்ஸ், பாதி புதிய வேகம். தன் பாட்டின் கவரை மூலக்காரரே கவர் செய்த கதை.

---

பழுப்பு உறை:

அரைச்சுருதிக்கு: 'புளூ யோடல் 9' கேட்டுவிட்டு வாருங்கள். 1930 ஜூலை 16, ஹாலிவுட். எக்காளம் லூயி ஆர்ம்ஸ்ட்ராங், பியானோ அவர் மனைவி லில். தட்டில் இருவர் பெயரும் போடவில்லை. ஆர்ம்ஸ்ட்ராங்கின் எக்காளம் ரோட்ஜர்ஸின் கோணல் தாளத்துக்கு இடம் விட்டு விட்டு நுழைவதைக் கவனியுங்கள். நாற்பது வருஷம் கழித்து, 1970-ல், ஜானி கேஷின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அதே பாட்டை ஆர்ம்ஸ்ட்ராங் கேஷோடு வாசித்தார். அந்தக் காணொளி வழியாகத்தான் நிறையப் பேர் மூலத்துக்குப் போனார்கள். மூலத்தில் வாசித்தவரே கவரிலும் இருப்பது எத்தனை பாட்டுக்கு வாய்க்கும்?

---

அரைச்சுருதி:

கேட்டேன். சரி, இந்த ஒன்றுக்கு வாயை மூடிக்கொள்கிறேன். கழுதைப் பாட்டில் டாலிதான்.

---

தென்றல்மொழி:

எனக்கு ரொம்ப நாளாக ஒரு உறுத்தல். கவர் வழியாகத் தேடுகிறவர்களுக்கு யார் கிடைப்பார்கள்? வாயால் பாடக்கூடிய பாட்டை விட்டுச் சென்றவர்கள்தான். டிஃபோர்ட் பெய்லியை இந்த இழையில் இதுவரை ஒருவரும் சொல்லவில்லை. மௌத் ஆர்கன் கலைஞர், கறுப்பினத்தவர். 1927 டிசம்பரில் நாஷ்வில் வானொலியில், முன்னால் ஒலிபரப்பானது 'கிராண்ட் ஆப்ரா', இனி வருவது 'கிராண்ட் ஓல் ஆப்ரி' என்று ஜார்ஜ் ஹே கேலியாக அறிவித்தார். பெயர் அதிலேயே நிலைத்தது. அப்போது பெய்லி வாசித்தது 'பான் அமெரிக்கன் புளூஸ்', வேகமெடுத்து ஓடும் ரயிலை ஊதியே காட்டுவது. அந்த நிகழ்ச்சியின் பெயர் பிறந்தபோது மேடையில் இருந்த மனிதரை 1941-ல் வெளியே அனுப்பினார்கள். மிச்ச வாழ்க்கை காலணி மெருகிடும் கடை. 1982-ல் இறந்தார். கன்ட்ரி இசையின் கௌரவப் பட்டியலான ஹால் ஆஃப் ஃபேம் அவரை ஏற்றுக்கொண்டது 2005-ல். ரோட்ஜர்ஸ் 1961-ல் முதல் மூவரில் ஒருவராகவே போய்விட்டார்.

அந்தக் காலத்தில் தட்டாக வந்த பதிவுகளோ மிகக் குறைவு, எல்லாம் 1927, 28. வரிகள் இல்லாத பாட்டு. வாசித்துக் காட்டப் பயங்கரமான மூச்சு வேண்டும். யார் கவர் செய்வார்கள்? 1922-லேயே நியூயார்க் போய் 'சாலி குடன்' வாசித்த டெக்சஸ் ஃபிடில்காரர் எக் ராபர்ட்சனுக்கும் இதே கதிதான். ஃபிடில் வாசிப்பவர்களைத் தவிர யாருக்கும் பெயர் தெரியாது. நம்முடைய இந்த அழகான பின்வாசல், சிலருடைய வீட்டுக்கு வழியே காட்டுவதில்லை.

---

டென்னசிவாசி:

நியாயம். எனக்கும் பெய்லியை அறிமுகம் செய்தது பாட்டு இல்லை. 2019-ல் வந்த கென் பர்ன்ஸின் ஆவணத் தொடர்.

---

கீச்சுக்குரல்:

இந்தத் தளத்துக்குப் புதியவள். மொத்தத்தையும் படித்தேன், தலை சுற்றுகிறது. நிர்வாணா ராக் குழுவின் 1993 அன்பிளக்டு கச்சேரியில் கடைசிப் பாட்டு மட்டும்தான் எனக்குத் தெரிந்த ஒரே பழைய பாட்டு. எங்கே தொடங்குவது? பழைய தட்டு இரைச்சல் எனக்குக் காது வலிக்கிறது.

---

பழுப்பு உறை:

வாருங்கள் அம்மா. நீங்கள் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டீர்கள். அந்தப் பாட்டை நிர்வாணாவின் பாடகர் கர்ட் கோபேன், கறுப்பின நாட்டுப்புறப் பாடகர் லெட் பெல்லியிடமிருந்து எடுத்தார். அதே பாட்டு 'இன் தி பைன்ஸ்' என்ற பெயரில் பில் மன்ரோவிடமும் இருக்கிறது, 1941. அங்கே போய் ஒரு கால் வையுங்கள்.

இரைச்சலுக்கு ஒரு எளிய வழி: 1925-க்குப் பிந்திய பதிவுகளில் தொடங்குங்கள். அதற்கு முன்னால் ஒலிவாங்கி கிடையாது. ஒரு பெரிய புனலுக்குள் கத்த வேண்டும், அந்த அதிர்வே ஊசியை நகர்த்தும். 1925-ல்தான் மின்சார முறை வந்தது. 1923-ன் கார்சனையும் 1927-ன் கார்ட்டர்களையும் அடுத்தடுத்துக் கேட்டால், ஜன்னலைத் திறந்துவிட்ட மாதிரி இருக்கும். ரோட்ஜர்ஸ் போல வாய்க்குள்ளேயே பேசுகிற மாதிரிப் பாடுவது புனல் காலத்தில் நடக்காத காரியம்.

பதிவு நாள், ஊர், யார் என்ன வாசித்தார்கள் என்பதற்கு சான்டா பார்பரா பல்கலைக்கழகத்தின் இசைத்தட்டுப் பட்டியல் இணையத்தில் இலவசம். கேட்பதற்கு இன்டர்நெட் ஆர்க்கைவில் 78 சுழற்சித் தட்டுகளின் தொகுப்பு. அமெரிக்கச் சட்டப்படி அந்தக் காலத் தட்டுகள் நூறு வருஷம் முடிந்ததும் பொதுச் சொத்து. 1923-ன் தட்டுகள் 2024-ல் வந்துவிட்டன. பிரிஸ்டல் வருஷமான 1927-ல் வெளியானவை 2028 ஜனவரி 1-ல் வரும். நாள்காட்டியில் குறித்து வைத்திருக்கிறேன்.

---

கம்பிக்காரன்:

புதியவருக்கு என் வழி வேறு. முதலில் 1997-ல் பாப் டிலன் முன்னின்று தொகுத்த ரோட்ஜர்ஸ் அஞ்சலித் தட்டு. போனோ, வில்லி நெல்சன், வேன் மாரிசன், ஐரிஸ் டிமென்ட் என்று எல்லோரும் ஆளுக்கொரு பாட்டு. ஐரிஸ் டிமென்ட்டின் 'ஹோபோ பில்ஸ் லாஸ்ட் ரைட்' பிடித்தால், அன்றைக்கே மூலத்தைக் கேட்டுவிடுங்கள், தள்ளிப்போடாதீர்கள். அப்புறம் மெர்ல் ஹேகர்ட் 1969-ல் போட்ட 'சேம் டிரெய்ன், எ டிஃபரன்ட் டைம்' இரட்டைத் தட்டு. பாட்டுக்கு நடுவே ரோட்ஜர்ஸின் கதையையும் சொல்லிக்கொண்டே போவார். இரண்டையும் முடித்தபின் இரைச்சல் தெரியாது. காது தானாகவே அதை ஒதுக்கிவிடும்.

---

கீச்சுக்குரல்:

ஹோபோ பில் இரண்டையும் கேட்டேன். டிமென்ட் பாடும்போது அழுகை வந்தது. ரோட்ஜர்ஸ் பாடும்போது வரவில்லை, ஆனால் ராத்திரி பாத்திரம் கழுவும்போது மனதில் ஓடியது ரோட்ஜர்ஸ் குரல். இரைச்சலோடு சேர்த்தே ஓடியது.

---

ஆனியன் ஊத்தப்பம்:

ஆச்சு, இன்னொரு ஆள் காலி.

தூசித்தட்டு ஐயா, கேட்க மறந்துவிட்டேன். முதலில் தப்பாகக் கண்டுபிடித்தீர்களே ஒரு ஜிம்மி ரோட்ஜர்ஸ், 'ஹனிகோம்ப்'காரர், அவரை என்ன செய்தீர்கள்? பாவம், அவர் என்ன குற்றம் செய்தார்.

---

தூசித்தட்டு:

உங்கள் கேள்விக்காகவே நேற்று ராத்திரி அவரைத் திரும்ப எடுத்தேன். 'ஹனிகோம்ப்' அவருக்கு முன்னால் 1954-ல் ஜார்ஜி ஷா பாடிவிட்டார், கவர். அதே 1957-ல் பாடிய 'கிஸ்ஸஸ் ஸ்வீட்டர் தேன் வைன்' 1951-ல் வீவர்ஸ் குழு பாடியது; அதுவும் கவர். வீவர்ஸுக்கு அந்த மெட்டு யார் வழியாக வந்தது என்று பார்த்தேன்.

லெட் பெல்லி. கீச்சுக்குரல் உள்ளே வந்த அதே வாசலில் நிற்கிறார். ஒரு பசுவைப் பற்றிய ஐரிஷ் நாட்டுப் பாட்டை அவர் தனக்கு ஏற்றபடி மாற்றிப் பாடிக்கொண்டிருந்தாராம். அந்த ஐரிஷ் பாட்டை இன்னும் பிடிக்கவில்லை. மணி ஒன்றரை ஆகிவிட்டது, காலையில் அலுவலகம் வேறு.

---

பழுப்பு உறை:

'ட்ரிமின் டௌன்' என்று தேடிப் பாருங்கள்.

---

தூசித்தட்டு:

ஐயா, தூங்கவிடுங்கள்.

கிடைத்துவிட்டது.